வெளியே வந்தால் வெள்ளை

ஊரே பெரியவர் வரமாட்டார் என்று பணம் கட்டியிருந்தது. ஒரே ஒரு ஆள் மட்டும் வருவார் என்று கட்டியிருந்தான். அதுவும் கொஞ்சநஞ்சமல்ல, பந்தயம் நடத்துகிறவரே பயந்துபோகிற அளவுக்கு.

"அந்த ஆளைக் கண்டுபிடிச்சுக் குடுங்க அக்கா," என்றாள் பெரியவரின் மகள். "அவனுக்கு உள்விஷயம் ஏதோ தெரிஞ்சிருக்கு. தெரியாம எவனாவது இவ்வளவு பணத்தைக் கட்டுவானா?"

"கட்டுவான்," என்றேன் நான். "எங்க மாமா குதிரை மேல கட்டினாரு. கடைசியில குதிரைக்கே அவரு மேல பரிதாபம் வந்துடுச்சு."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அக்கா பத்திரிகை ஆபீசில் பிழை திருத்திக்கொண்டிருந்தவள். ஊருக்கு அவள் புரூஃப் அக்கா. ஒரு பக்கத்தில் எங்காவது ஒரு கொம்பு விட்டுப்போயிருந்தால், அந்தப் பக்கத்தைக் கையில் வாங்கும்போதே அவளுக்கு முகம் சுளிக்கும். நான் அதே பத்திரிகையில் பத்திகளுக்கு அடியில் மிச்சம் கிடக்கும் இடத்தைச் சிரிப்புத் துணுக்கு எழுதி ரொப்பியவன். அதனால் எனக்குத் துணுக்கு என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஓட்டில் ஜெயித்து நாட்டை ஆண்டுகொண்டிருந்த பெரியவரைப் பட்டாளத்துக்காரர்கள் நாற்காலியிலிருந்து இறக்கி, குன்றின் மேலிருக்கும் அரசாங்க மாளிகையில் கொண்டுபோய் அடைத்த வாரமே எங்கள் பத்திரிகைக்கும் பூட்டுப் போட்டார்கள். சரி, பிழைக்க ஏதாவது வழி வேண்டுமே என்று மூக்குக்கண்ணாடிக் கடை மாடியில் ஓர் அறை பிடித்துத் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டினோம். பலகை எழுதியவன் 'துபறியும்' என்று எழுதியிருந்தான். விட்டுப்போன புள்ளி எழுத்தை அக்காவே ஸ்டூல் போட்டு ஏறிச் செருகினாள்.

மகள் மருந்துக்கடையில் மருந்தாளராக இருப்பவள். வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள், வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கண்ணுக்குக் கீழே தூக்கம் இல்லாத கறுப்பு.

"அந்த ஆளு யாருன்னு தெரிஞ்சு என்ன பண்ணப் போறே?" என்று கேட்டாள் அக்கா.

"இன்னிக்குச் சாயங்காலம் என்னை டிவில பேசச் சொல்லியிருக்காங்க. அப்பா நல்லா இருக்காரு, அவரை நல்லபடியா வச்சிருக்காங்கன்னு சொல்லணுமாம். சொன்னா வெள்ளிக்கிழமை விட்டுடறோம்கிறாங்க."

"நீ அவரைப் பார்த்தியா?"

"எங்கே பார்க்க விடறாங்க? இப்பல்லாம் ஒரு கடுதாசிகூட வர்றதில்லை."

"பார்க்காம எப்படிம்மா நல்லா இருக்காருன்னு சொல்லுவே?"

"அதுதான் அக்கா என்னைப் போட்டு அரிக்குது. அவங்க பொய் சொல்றாங்கன்னா நான் எதுக்கு அவங்களுக்கு ஒத்து ஊதணும்? நிஜமாவே விடறதா இருந்தா, என் வீம்பால அப்பா உள்ளேயே கிடக்கணுமா?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆனா விடுவாங்கன்னுதான் தோணுது. ரெண்டு நாள் முன்னாடி ஆள் அனுப்பி, அவருக்கு நல்ல துணியா ஒரு செட்டு கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட். சலவைக்கடையில தேய்ச்சுக் குடுத்தேன். இதோ, புதுச் செருப்புகூட வாங்கினேன். அவருக்குச் சர்க்கரை, கால் வீங்கும். அதான் மெத்துனு பார்த்து வாங்கினேன். இதை மட்டும் வேண்டாம்னு திருப்பிக் குடுத்துட்டாங்க."

மடியிலிருந்த துணிப்பையைத் திறந்து காட்டினாள். பழுப்பு நிறத்தில் அகலமான தோல் செருப்பு.

"கார்ல கூட்டிட்டு வருவாங்கம்மா," என்றேன். "அவரை நடக்கவா விடப்போறாங்க? செருப்பு எதுக்கு?"

அவள் சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை, அந்தப் பையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலத்துக்குள்ள வந்து சொல்றேன். நான் வர்ற வரைக்கும் வாயைத் திறக்காதே," என்றாள்.

பட்டாளம் வந்த நாளிலிருந்து எங்கள் ஊரில் செல்போன் எல்லாம் கல்லாகக் கிடந்தது. ஒரு விஷயம் சொல்ல வேண்டுமென்றால் நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும். நாங்கள் அப்போதே கிளம்பினோம்.

*

பந்தயம் நடந்த இடம் அந்தச் சலவைக்கடைதான். வருகிற வெள்ளிக்கிழமை பட்டாளத்துக்காரர்களின் ஆட்சிக்கு ஒரு வருஷம். அன்றைக்குச் சிலரை விடுவிக்கப்போவதாக ரேடியோ நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை வைத்துத்தான் பந்தயம். பெரியவர் வெள்ளிக்கிழமைக்குள் வெளியே வருவார் என்று நினைக்கிறவர்கள் ஓர் அழுக்குத்துணியோடு போய் "வெள்ளை" என்று சொல்லிப் பணத்தைக் கொடுக்க வேண்டும். வரமாட்டார் என்கிறவர்கள் "கலர்" என்று சொல்ல வேண்டும். கடைக்காரர் சலவைச் சீட்டு கிழித்துக் கொடுப்பார். எவன் வந்து சோதனை போட்டாலும் சட்டைக்கணக்குத்தான் இருக்கும். வெள்ளைக்கு ஒன்றுக்குப் பத்து. கலருக்கு ஒன்றும் பெயராது, ஏனென்றால் ஊரில் அத்தனை பேரும் கலர்தான். நம்பிக்கை என்பது எங்கள் ஊரில் அவ்வளவு மலிவாகப் போயிருந்தது.

"அண்ணே, ஒரு வெள்ளை," என்று எட்டிப் பார்த்தேன்.

"போடா. வெள்ளையை நிறுத்தியாச்சு," என்றார் கடைக்காரர். இஸ்திரிப் பெட்டியை ஒரு பேன்ட் மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். "ஒருத்தன் போட்ட வெள்ளையிலேயே எனக்கு முகமெல்லாம் வெளுத்துப் போய்க் கிடக்கு."

"அந்த ஒருத்தனைத்தான் அண்ணே தேடி வந்தோம்," என்றாள் அக்கா.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "சத்தியமா யாருன்னு தெரியாதும்மா. பேர் கேக்குற தொழிலா இது?"

"ஆள் எப்படி இருந்தாரு?"

"மறை கழண்டவன் மாதிரி. வெயில் மண்டையைப் பொளக்குது, இவன் கம்பளிச் சட்டை போட்டுக்கிட்டு வந்து நிக்கிறான். கழுத்துல மஃப்ளர் வேற."

"காய்ச்சலா இருக்கும்," என்றேன். "காய்ச்சல் தலைக்கேறினவன்தான் வெள்ளைக்குக் கட்டுவான்."

"டேய், சும்மா இரு. அண்ணே, பணம் எப்படி இருந்துச்சு?"

"அந்தக் கொடுமையை ஏன் கேக்குறே? அத்தனை நோட்டும் ஈரம். நான் உக்காந்து ஒவ்வொண்ணா இஸ்திரி போட்டுக் காய வச்சேன். என் பொழப்பைப் பாரு, சட்டை தேய்ச்ச கையால காசைத் தேய்ச்சுக்கிட்டிருக்கேன்!"

ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். அக்கா அதை மூக்கருகே வைத்து முகர்ந்தாள்.

"மீன்காரன்," என்றேன் நான், பெரிய துப்பறிவாளன் மாதிரி.

"மீன் வாசனை இல்லைடா." அவள் கண் இஸ்திரி மேஜையின் விரிப்புக்குப் போனது. ஓரத்தில் கருகிய துகள்கள் சில ஒட்டியிருந்தன. நகத்தால் சுரண்டி எடுத்தாள். "இது என்னண்ணே?"

"மரத்தூளு. அந்த நோட்டோட ஒட்டிக்கிட்டு வந்த சனியன்."

"அப்போ தச்சன்," என்றேன். "நோட்டெல்லாம் நனையுற அளவுக்கு அழுத தச்சன். மனசுல என்ன துக்கமோ."

"கம்பளி, ஈரம், மரத்தூள். இது மூணும் சேர்ந்து எங்கடா இருக்கும்?"

"எங்க மாமியார் வீட்டுக் கட்டிலுக்கு அடியில."

"ஐஸை உருகாம எதுலடா மூடி வைப்பாங்க?"

நெற்றியில் அடித்துக்கொண்டேன். மரத்தூளில்தான் மூடி வைப்பார்கள். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. அக்கா கூட இருந்தால் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொன்ன பிறகுதான் ஞாபகத்துக்கு வரும்.

கிளம்பும்போது அவள் வாசலில் நின்று திரும்பினாள். "அண்ணே, அவன்கிட்ட பந்தயத்தை எப்படிச் சொன்னீங்க? வார்த்தை மாறாம சொல்லுங்க."

"எல்லாருக்கும் சொல்றதைத்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமை முடியறதுக்குள்ள பெரியவரு மாளிகை கேட்டைத் தாண்டி வெளியே வந்தா வெள்ளை, இல்லேன்னா கலர். அவன் மட்டும்தான் திருப்பிக் கேட்டான். 'வெளியே வந்தா போதுமா?'ன்னான். போதும்னேன். மறுபடியும் அதையே கேட்டான். 'ஏன்யா, வந்து என் கடையில உக்காந்து டீயா குடிக்கணும்? வந்தா போதும்'னேன்."

அக்கா அந்த வார்த்தைகளையே வாய்க்குள் முணுமுணுத்தபடி படி இறங்கினாள். அவள் இப்படி முணுமுணுத்தால் எங்கோ ஒரு எழுத்து இடறுகிறது என்று அர்த்தம்.

*

ஊரில் இருப்பது ஒரே ஒரு ஐஸ் பாக்டரி. பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. உள்ளே காலை வைத்ததும் அமோனியா நெடி மூக்கைப் பிடுங்கியது. தரை முழுக்க உப்புத்தண்ணீர்த் தொட்டிகள், அவற்றின் மேல் மரப்பலகை மூடிகள். ஒருவன் மேலே ஓடும் கொக்கியால் ஒரு தகர டப்பாவைத் தூக்கிச் சாய்க்க, ஆள் இடுப்புயர ஐஸ் பாளம் வழுக்கிக்கொண்டு வந்து மரத்தூள் குவியலில் நின்றது. பக்கத்தில் கம்பளிச் சட்டையும் மஃப்ளருமாக மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கைவிரல்கள் எல்லாம் நீரில் ஊறிச் சுருங்கிப்போயிருந்தன.

நான் அக்காவை இடித்தேன். அவள் கண்டுகொள்ளவில்லை.

"அண்ணே, வீட்டுல ஒரு விருந்து. ரெண்டு பார் ஐஸ் வேணும்," என்றாள்.

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் வாங்கம்மா. அதுவரைக்கும் ஒரு துண்டுகூட வெளியே குடுக்க முடியாது."

"ஏன், மிஷின் ரிப்பேரா?"

"அதெல்லாம் இல்லை. போடுற பார் அத்தனையும் குன்று மாளிகைக்குப் போவுது. போன வாரத்துலேர்ந்து தினம் ஒரு லாரி. அவங்க கேட்டா இல்லேன்னு சொல்ல முடியுமா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவை ஒரு மூலைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "அக்கா! விருந்து அக்கா! பெரியவரை வழியனுப்பப் பெரிய விருந்து வைக்கிறாங்க. பழச்சாறு, குளிர்பானம், வெளிநாட்டுக்காரனுங்க, போட்டோக்காரனுங்க! இந்த மனுஷன் ஐஸ் போற கணக்கை வச்சே கண்டுபிடிச்சு வெள்ளைக்குக் கட்டியிருக்காரு. மூளைக்காரரு! வா, போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுவோம். சந்தோஷமா டிவில பேசட்டும்."

நான் அவ்வளவு சந்தோஷப்பட்டு ஒரு வருஷம் இருக்கும். எங்கள் பத்திரிகை திறப்பதும், என் துணுக்குகள் மறுபடியும் பத்திக்கு அடியில் வந்து உட்காருவதும் கண்ணுக்குள் ஓடியது.

அக்கா என் கையை விலக்கிவிட்டு மேஸ்திரியிடம் போனாள். "ஐஸை உடைச்சுத் தூளாக்கி அனுப்புறீங்களா அண்ணே?"

"இல்லம்மா, உடைக்கவே கூடாதாம். மூளி இல்லாம முழுசா வேணுமாம். கீழே வரிசையா அடுக்குறதுக்கு."

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் வேண்டாமாமா?"

"வேண்டாம். அன்னிக்குக் காலையில எடுக்கிறாங்களாம். கேட்டுல நிக்கிற சிப்பாய் நம்ம லாரி டிரைவர்கிட்ட..."

அப்படியே நிறுத்தினார். வாயிலிருந்து விழுந்துவிட்டதை அள்ளி உள்ளே போட முடியுமா என்பது போல எங்களை மாறி மாறிப் பார்த்தார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

"துணுக்கு," என்றாள் அக்கா. குரலில் சத்தமே இல்லை. "அடைச்சு வச்ச ஆளை வெளியே அனுப்பினா நாம என்ன சொல்லுவோம்?"

"விடறாங்கன்னு சொல்லுவோம்."

"எடுக்கிறாங்கன்னு எப்போடா சொல்லுவோம்?"

'எப்ப எடுக்கிறாங்க?' என்று ஒருவரைப் பற்றி நாம் எந்த வாசலில் நின்று கேட்போம், குரலை எவ்வளவு தாழ்த்திக் கேட்போம்? செருப்பு எதுக்கு, அவரை நடக்கவா விடப்போறாங்க என்று காலையில் நான்தான் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். சொல்லிச் சிரிக்கவும் வைத்தேன்.

"சலவைக்கடையில வெள்ளைக்குக் கட்டினது நீங்கதானே?" என்று அக்கா கேட்டாள். "வெளியே வந்தா போதுமான்னு எதுக்கு ரெண்டு தடவை கேட்டீங்க?"

மேஸ்திரி கவிழ்த்துப் போட்டிருந்த டப்பா ஒன்றின் மேல் உட்கார்ந்தார். மஃப்ளரால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உசுரோடன்னு சலவைக்காரரு சொல்லலையேம்மா," என்றார்.

"உங்களால எப்படி முடிஞ்சுது?"

"நானும் பெரியவருக்கு ஓட்டுப் போட்டவன்தான். லாரிக்காரன் வந்து சொன்ன அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கலை. ஆனா நான் சொன்னா அவரு எழுந்து வந்துடுவாரா? சொன்னவனைத்தான் தூக்கிட்டுப் போவாங்க." தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "இந்தக் குளிரு எலும்புக்குள்ள போயிடுச்சும்மா. நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. இந்த இடத்தை விட்டு நானாவது வெளியே போகலாம்னு நினைச்சேன். வேற ஒண்ணும் நினைக்கலை."

அவரைத் திட்ட வேண்டும் போலிருந்தது எனக்கு. நல்ல கெட்ட வார்த்தையாகத் தேடிக்கொண்டிருந்தேன். கொக்கிக்காரன் இன்னொரு பாளத்தைச் சாய்த்தான். அது வழுக்கிக்கொண்டு வந்து எங்கள் காலடியில் நின்றது.

*

டிவி நிலையம் ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. வெள்ளிக்கிழமை அணிவகுப்புக்கு ஒத்திகை என்று பெரிய சாலையை அடைத்துவிட்டிருந்தார்கள். டாக்சிக்காரர் பாதி வழியில் கையை விரித்தார். இறங்கி ஓடினோம். அக்காவுக்கு முழங்கால் வலி, இருந்தும் எனக்கு முன்னால் ஓடினாள்.

"செத்தவரை வச்சுக்கிட்டு எதுக்கு அக்கா விடறோம்கிறாங்க?" என்று இரைத்துக்கொண்டே கேட்டேன்.

"விடுவாங்கடா. வெள்ளிக்கிழமை கேட்டைத் திறந்து வண்டியை அனுப்புவாங்க. வழியில நெஞ்சுவலி வந்துடுச்சும்பாங்க. எங்ககிட்ட இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு, பெத்த பொண்ணே சொன்னாளேம்பாங்க. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும்."

மின்சாமான் கடை ஒன்றின் முன்னால் பெருங்கூட்டம். கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக வைத்திருந்த அத்தனை டிவியிலும் மகளின் முகம். பவுடர் பூசி, தலை வாரிவிட்டிருந்தார்கள். வெள்ளைக் கோட்டு இல்லை.

"அப்பா நல்லா இருக்கார்," என்றாள் அவள், அத்தனை பெட்டியிலிருந்தும். "அவரை நல்லபடியாகக் கவனித்துக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்கு வருவார்."

கூட்டத்தில் யாரோ விசில் அடித்தான். ஒரு கிழவர் முன்பின் தெரியாத என்னைக் கட்டிக்கொண்டு, "வர்றாரு தம்பி, வர்றாரு!" என்று அழுதார். "வெள்ளை! வெள்ளை!" என்று கத்திக்கொண்டு பாதிப் பேர் சலவைக்கடைப் பக்கம் ஓடினார்கள். அக்கா கடையின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் இரைப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

நிலையத்தின் வாசலுக்கு நாங்கள் போனபோது மகள் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். தோளில் அந்தத் துணிப்பை. எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"சாயங்காலம்னு சொல்லிட்டு முன்னாடியே கார் அனுப்பிட்டாங்க அக்கா. உங்களுக்காகக் காத்திருக்க விடலை. உள்ளே போய் மைக்கு முன்னாடி உக்காந்தப்ப நாக்கு ஒட்டிக்கிச்சு. அந்த ஒருத்தன் கட்டியிருக்கானே, அவனுக்குத் தெரியாமலா இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். அந்தத் தைரியத்துலதான் பேசினேன்." அக்காவின் கையைப் பிடித்தாள். "அவனைக் கண்டுபிடிச்சீங்களா?"

"கண்டுபிடிச்சேன்மா."

"என்ன வேலை பார்க்கிறான்? மாளிகையிலேயா?"

அக்கா என்னைப் பார்த்தாள். எந்த நேரத்திலும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறவன் நான். மகளின் தோளிலிருந்த துணிப்பையைப் பார்த்தேன்.

"ஐஸ் பாக்டரியில," என்றாள் அக்கா. "மாளிகைக்கு லாரி லாரியா ஐஸ் போகுதும்மா. உடைக்காம, முழுசு முழுசா."

மகளின் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. அதை எடுக்க அவளுக்கு ஞாபகம் இல்லை. எது கெட்டுப்போகக் கூடாதோ அதைக் குளிரில் வைப்பதுதான் அவள் தினமும் செய்கிற வேலை. அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எப்போலேர்ந்து?" என்றாள்.

"போன வாரத்துலேர்ந்து."

"அப்போ துணி வாங்கிட்டுப் போனப்பவே..."

"ஆமாம்மா."

நடைபாதையின் விளிம்பில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு செருப்பை எடுத்து, அதன் உட்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். கடையில் வாங்கும்போதும் அப்படித்தான் அழுத்திப் பார்த்திருப்பாள். பிறகு சடாரென்று எழுந்து கேட்டைப் பார்த்து நடந்தாள். "நான் போய்ச் சொல்றேன். பொய்ன்னு சொல்றேன். மறுபடியும் அந்த மைக்கைக் குடுக்கச் சொல்லுங்க..."

அக்கா அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்தாள். கேட்டுச் சிப்பாய் எங்களைக் கவனிக்க ஆரம்பித்திருந்தான். "கத்தாதேம்மா. இப்போ நீ கத்தினா உன்னையும் உள்ளே வச்சுடுவாங்க. அப்பாவையும் தரமாட்டாங்க. ராத்திரியோட ராத்திரியா எங்கேயாவது புதைச்சுட்டு, இடமே தெரியாமப் பண்ணிடுவாங்க."

"ஒரு சாட்சிகூடவா இல்லை?" என்றேன் நான். "மேஸ்திரி இருக்காரே அக்கா."

"அவரு வாயைத் திறக்கமாட்டாரு. அதுக்கு மேல இருக்கிறது ஐஸ் மட்டும்தான்டா. வெள்ளிக்கிழமைக்குள்ள அதுவும் தண்ணியாப் போயிடும்."

மகள் திமிறுவதை நிறுத்தினாள். அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "நீங்க பிழை திருத்துறவங்கதானே அக்கா? நான் பேசினதைத் திருத்தவே முடியாதா?"

"அச்சாகி ஊருக்கெல்லாம் போயிடுச்சும்மா," என்றாள் அக்கா. அத்தனை வருஷம் கூட இருந்த நான் அன்றுதான் அவள் அழுது பார்த்தேன்.

கடைசியில் மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பவுடர் கையோடு வந்தது. செருப்பைப் பைக்குள் வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் எதுவும் சொல்லமாட்டேன்," என்றாள். "முதல்ல அப்பா என் கைக்கு வரட்டும்."

*

ஒத்திகை முடிந்து பஸ் விட்டிருந்தார்கள். ஏறியதும் கண்டக்டர் மகளை அடையாளம் கண்டுகொண்டார். முன் சீட்டில் இருந்தவர்களை எழுப்பி அவளை உட்கார வைத்தார். நான் டிக்கெட்டுக்குக் காசை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார்.

"உங்ககிட்ட காசு வாங்கினா என் கை வெளங்குமா? அம்மா, இப்போதான் வழியில பஸ்ஸை நிறுத்திட்டு ஓடிப்போய் ஒரு வெள்ளை போட்டுட்டு வந்தேன். சலவைக்காரன் தரமாட்டேன்னான், சண்டை போட்டு வாங்கினேன். ஒரு வருஷமா இந்தப் பஸ்ஸுல ஒருத்தன் முகத்துல சிரிப்பைப் பார்த்ததில்லைம்மா. இன்னிக்குப் பாருங்க."

பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள், மடியில் பிள்ளையை வைத்திருந்தவர்கள், எல்லோரும் அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர்கூடக் கண்ணாடியைத் திருப்பி அவள் முகம் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார்.

கண்டக்டர் குனிந்தார். சந்தோஷத்துக்குள் லேசாக ஒரு பயமும் இருந்தது அவர் குரலில். "வெள்ளிக்கிழமை வந்துடுவாரு இல்லம்மா?"

அவள் மடியிலிருந்த பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வருவாரு," என்றாள்.

பஸ் முழுக்கக் கைதட்டியது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தையில் அவளால் திருத்த முடிந்தது எதுவும் இல்லை.